காப்புக் கட்டிய வாரத்து நாடகம்

லைசென்ஸ் டெஸ்டில் மூன்றாவது முறையும் நான் புக்கிட்டில்தான் தோற்றேன். புக்கிட் என்றால் மலாயில் குன்று. கார் பழகும் மைதானத்தில் மண்ணைக் கொட்டித் தார் போட்டு ஒரு மேடு கட்டி வைத்திருப்பார்கள். பாதி ஏற்றத்தில் மஞ்சள் கோட்டுக்குள் காரை நிறுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு பின்னால் உருளாமல் மேலே ஏறிப் போக வேண்டும். அவ்வளவுதான் விஷயம். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் மிட்டாய் சப்பிக்கொண்டே ஏறிப் போய்விடுகிறார்கள். நாற்பத்திரண்டு வயதில் நான் மூன்று தடவையும் அந்த மேட்டிலேயே இஞ்சினைச் சாகடித்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தேன்.

இந்த வயதில் உனக்கு எதற்கு லைசென்ஸ் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. எதற்கு என்றால், என் அம்மாவைப் போய்ப் பார்ப்பதற்கு. யார் வாயையும் பார்க்காமல், நான் நினைத்த நாளில் போய்ப் பார்ப்பதற்கு. நான் இருப்பது கெர்லிங் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீடுகளில் ஒன்றில். அம்மா கோல சிலாங்கூர் பக்கம் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், இடிக்காமல் மிச்சம் வைத்திருக்கும் ஒரே தொழிலாளர் லயத்தில் தனியாக இருக்கிறாள். இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி அவள் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. பஸ்ஸில் போவதென்றால் மூன்று பஸ் மாற வேண்டும். காலையில் கிளம்பினால் மத்தியானம் போய்ச் சேரலாம், திரும்புவதற்கும் அதே கதை. அதுவரை என் மாமியாரை யார் பார்த்துக்கொள்வது?

மாமியாருக்கு ஆறு வருடங்களுக்கு முன் வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அதுவரை நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். விடியற்காலை வேன் வரும், ஏறிப் போவேன், சாயங்காலம் வருவேன். அவர் விழுந்த வாரமே வேலையை விட்டேன். யாரும் என்னை விடச் சொல்லவில்லை. அதுதான் இதில் உள்ள அழகு. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் விட்டேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் இவளுக்கு வேறென்ன வேலை என்று நினைக்க எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

என் கணவர் கெட்டவர் அல்ல. இதைச் சொல்லாவிட்டால் படிப்பவர்கள் அவரை வில்லனாக்கிவிடுவார்கள். குடிக்க மாட்டார், கை ஓங்கியதில்லை. அவரிடம் இருப்பது ஒரே ஒரு வாக்கியம்: "ஞாயித்துக்கெழம பாப்போம்." அம்மாவைப் பார்க்கப் போகலாமா? ஞாயித்துக்கெழம பாப்போம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஓ.டி. இருக்கும், இல்லாவிட்டால் யார் வீட்டிலாவது கல்யாணம், அதுவும் இல்லாவிட்டால் மழை. வருடத்துக்கு நாலைந்து ஞாயிறுதான் எனக்கென்று தேறும். அவர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்விடுவார். அந்தப் பழைய கியர் கார் வாரம் முழுக்க வாசலில் நிற்கும். சமையலறைக்கும் மாமியாரின் கட்டிலுக்கும் நடுவே நடக்கும்போதெல்லாம் ஜன்னல் கம்பி வழியே அது என் கண்ணில் படும். காரும் வீட்டில் நிற்கிறது, நானும் வீட்டில் நிற்கிறேன். காரையாவது வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றுவார்.

எங்கள் வீட்டு கேட்டில் பூட்டுக்கூடக் கிடையாது. அதைத்தான் யாருக்கும் விளங்க வைக்க முடியவில்லை. திறந்து கிடக்கும் வீட்டில் அடைபட்டிருக்கிறேன் என்று சொன்னால், உனக்கென்ன குறை என்பார்கள். குறை ஒன்றும் இல்லை. ஆனால் சில மத்தியானங்களில் சும்மா உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றிருப்பேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள் அல்லவா. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மிச்ச வெங்காயத்தை உரிப்பேன்.

இருந்தும் வாய் திறந்து ஒரு நாளும் நான் முறையிட்டதில்லை. சின்ன வயதிலேயே எனக்கு ஒரு வார்த்தையை ஊட்டி வளர்த்திருந்தார்கள். தஹான்.

மலாய் வார்த்தைதான். ஆனால் அது தமிழ் இல்லை என்று எங்கள் தோட்டத்தில் போய்ச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். பொறுத்துக்கொள், தாங்கிக்கொள் என்று யாரும் சொல்வதில்லை. பல் வலியா, தஹான் பண்ணு. வேலை வாங்கும் மண்டோர் கத்துகிறாரா, தஹான் பண்ணு. கட்டினவன் அடிக்கிறானா, தஹான் பண்ணு, ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும். என் அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அதைச் சொல்லுவாள். சொல்வதற்கு அவளுக்கு உரிமையும் இருந்தது. தோட்டத்தில் மருந்து அடிக்கிற வேலை அவளுக்கு. முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு செம்பனை வரிசைகளுக்கு நடுவே களைக்கு விஷம் தெளித்துக்கொண்டே நடக்க வேண்டும். அவள் கால் நகங்களெல்லாம் கறுத்துச் சுருண்டிருந்தன. வீட்டுக்கு வந்தால் அப்பா. அப்பாவுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கைதான் பேசும்.

அந்த வார்த்தைக்கு ஒரு பாடப்புத்தகமும் கிடைத்தது. எனக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போது தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பத் தொடர் தினமும் சாயங்காலம் டிவியில் ஓடியது. எங்களுக்கு அது நாடகம். அது ஓடும் நேரத்தில் லயத்தில் பிள்ளை அழுதால்கூடத் தூக்க ஆளிருக்காது. அரிசி ஆலை வைத்திருக்கும் பெரிய குடும்பம்; மூன்று மருமகள்கள்; மூத்தவள்தான் கதாநாயகி. நல்லவள் என்றால் அப்படியொரு நல்லவள், பார்க்கிற நமக்கே பல்லைக் கடிக்கத் தோன்றும். நகை காணாமல் போனால் அவள்தான் எடுத்தாள். பால் திரிந்தால் அவள் வந்த நேரம். எதற்கும் பதில் பேச மாட்டாள். வலது கண்ணிலிருந்து மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரும், கேமரா அந்தப் பக்கம் இருந்ததால்.

"எப்படித் தஹான் பண்றா பாத்தியா புள்ள?" என்பாள் அம்மா. பார்த்தேன்.

கதை ஒரு கட்டத்துக்கு வந்தது. மாமியார்க்காரி மூத்த மருமகளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். கொட்டுகிற மழை. மூடிய கதவின் முன்னால் அவள் நனைந்துகொண்டு நிற்கிறாள். வெள்ளிக்கிழமை அந்த இடத்தில் தொடரும் போட்டுவிட்டார்கள். மறுநாள் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டினால் தீமிதி முடியும்வரை எங்கள் தோட்டத்தில் டிவி போடக் கூடாது. கறி மீன் விலக்கு, டிவியும் விலக்கு. எந்தப் பெரிய மனிதர் வைத்த சட்டமோ, மீறினால் வீட்டில் அம்மை போடும் என்று எல்லாருக்கும் பயம். ஒரு வாரத்து நாடகம் அப்படியே போனது. கோயிலில் பூக்கட்டிக்கொண்டே பெண்கள் அவளைப் பற்றித்தான் பேசினார்கள். இன்னுமா மழையில் நிற்பாள், காய்ச்சல் கண்டிருக்குமோ என்று உண்மையாகவே கவலைப்பட்டார்கள்.

தீமிதி முடிந்த மறுநாள் டிவி முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்தோம். பார்த்தால், அவள் ஒரு பெரிய அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல சேலை. பின்னால் வரிசையாகத் தையல் மிஷின்கள். மாமியார்க்காரி அவள் எதிரே கைகூப்பி அழுதுகொண்டிருக்கிறாள். நடுவில் என்னதான் நடந்தது? கேட்டுச் சொல்ல ஆளில்லை, லயம் முழுக்கக் காப்பில் இருந்தது. அதனால் பெண்களே கதையைக் கட்டிக்கொண்டார்கள். மூன்று நாள் மழையிலேயே நின்றாள். மாமியார் மனம் இளகிக் கதவைத் திறந்தாள். அவள் பொறுமையை மெச்சி வீட்டிலேயே பெரிய அறை ஒதுக்கி மிஷின் வாங்கிப் போட்டார்கள். அம்மாதான் எனக்கு அதை உட்கார வைத்துச் சொன்னாள். "கடைசி வரைக்கும் அந்த வாசல விட்டு நகரல. அதான் ஜெயிச்சா."

அந்த வருடம் தமிழ் வகுப்பில் விடாமுயற்சி பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். மற்ற பிள்ளைகள் எறும்பையும் சிலந்தியையும் எழுதினார்கள். நான் மழையில் நின்ற மருமகளை எழுதினேன். சிவப்பு மையில் மிக நன்று என்று போட்டு, என்னை எழுந்து வாசிக்கச் சொன்னார் ஆசிரியை. விடாமுயற்சி என்றால் சாத்திய கதவின் முன்னால் நகராமல் நிற்பது என்று எனக்கு அன்றைக்கே முத்திரை குத்தியாகிவிட்டது. கல்யாணமாகி வந்த பிறகு அதை நூற்றுக்கு நூறு மார்க்கில் செய்தேன்.

அப்புறம் எப்படி லைசென்ஸ் எடுக்கக் கிளம்பினேன் என்றால், அம்மா கையைச் சுட்டுக்கொண்டாள். கண் சரியாகத் தெரியாமல் காய்ந்த எண்ணெயில் கையை வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டில் இருக்கும் வங்காளதேசத்துத் தொழிலாளிகள் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். எனக்குச் சேதி வந்தது திங்கட்கிழமை. கணவரிடம் சொன்னேன். ஐயோ என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார், பாவம். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம பாப்போம்." அந்த ஆறு நாள் எனக்கு எப்படிப் போனது என்று எழுதப்போவதில்லை, எழுதினால் யாரையாவது திட்டிவிடுவேன். செவ்வாய்க்கிழமை கார் பழகும் பள்ளிக்கு ஃபோன் பண்ணிப் பெயர் கொடுத்தேன். நான் பழகப் போகும் இரண்டு மணி நேரம் மாமியாருடன் உட்கார்ந்திருக்கிறேன் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்.

எனக்குப் பழக்க வந்தது ஒரு மலாய்ப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள். கார் பழக்குகிறவர்களைச் சிக்கு என்று கூப்பிட வேண்டும். மலாயில் அதற்கு ஆசிரியர் என்று அர்த்தம். தமிழில் தலைமுடியில் விழுவது. எனக்கு இரண்டு அர்த்தமும் பொருந்தியது. நேர்ச் சாலையில் நன்றாகத்தான் ஓட்டினேன். மேட்டுக்குப் போனால் வம்பு.

"தஹான், காக், தஹான்," என்பாள். அக்காவுக்கு அவர்கள் மொழியில் காக். காரை உருள விடாமல் பிடித்து நிறுத்து என்று அர்த்தம். இதை எனக்குச் சொல்லித் தர வேண்டுமா? இடது கால் வெடவெடக்க, ஹேண்ட் பிரேக்கை ஆன மட்டும் இழுத்துத் தஹான் பண்ணினேன். பிறகு அவள், "லெப்பாஸ்," என்பாள். விடு. அங்கேதான் என் கை கேட்காது. கார் முன்னால் போகத் துடிக்கும், நான் பிரேக்கை விட மாட்டேன். இரண்டு உலுக்கு உலுக்கிவிட்டு இஞ்சின் அடங்கிவிடும்.

மூன்றாவது டெஸ்டிலும் தோற்ற பிறகு அவள் என்னை அதே மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள். மலாயில் சொன்னாள், தஹான் என்பது மூன்று விநாடிக்குத்தான் காக், அதற்கு மேல் பிடித்தால் அது போலீஸ் பிடிக்கிற தஹான்.

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். போலீஸ் ஒருவனைப் பிடித்து உள்ளே வைத்தாலும் மலாயில் அதே வார்த்தைதான். தோட்டத்தில் யாராவது பிடிபட்டால் நாங்களும் "போலீஸ் தஹான் பண்ணிட்டாங்க லா" என்று சொல்லித்தான் பழக்கம். இரண்டையும் இத்தனை வருடம் இதே வாயால் சொல்லியிருக்கிறேன். தாங்குவதும் அடைபடுவதும் ஒரே வார்த்தை என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. மலாய்க்காரர்களிடமிருந்து தஹானை வாங்கிக்கொண்ட நாங்கள், அதோடு வந்த லெப்பாஸை அங்கேயே போட்டுவிட்டு வந்திருக்கிறோம். முதலில் சிரித்தேன். அப்புறம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதேன். சிக்கு டிஷ்யூப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தாள்.

அதே வாரம்தான் அந்த நாடகமும் மறுபடி என் வீட்டுக்கு வந்தது. மாமியாருக்குப் பகல் போகாது. பேச்சும் குழறும், பேச ஆளும் இல்லை. அந்தக் காலத்து நாடகத்தை யாரோ முழுவதுமாக இணையத்தில் ஏற்றி வைத்திருப்பதைப் பக்கத்து வீட்டு அக்கா தேடிக் கண்டுபிடித்து, எங்கள் டிவியில் வரவும் செய்துகொடுத்தார். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். காலையிலிருந்து சாயங்காலம்வரை மாமியார் கண் கொட்டாமல் பார்ப்பார். ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழை. சாத்திய கதவு. அவள் நிற்கிறாள். தொடரும். அடுத்த நாளுக்கான பகுதி அதுவாகவே ஓடத் தொடங்கியது, காப்புக் கட்டியதால் நாங்கள் பார்க்காமல் போனது.

அவள் நிற்கவில்லை. மழை விடும்வரைகூட நிற்கவில்லை. கதவை ஒரு தடவை பார்த்தாள், முந்தானையைப் பிழிந்தாள், திரும்பி நடந்தாள். பஸ் ஏறி வேறு ஊருக்குப் போனாள். தையல் கடையாகப் பார்த்து வேலை கேட்டாள். முதல் கடையில் ஆள் எடுத்தாகிவிட்டது என்றார்கள். இரண்டாவது கடையில் சிரித்தார்கள். மூன்றாவது கடைக்காரர் நாளைக்கு வா என்றார், நாளைக்குப் போனால் கடை பூட்டியிருந்தது. ஏழாவது கடையில் பட்டன் தைக்கிற வேலை கிடைத்தது. அப்புறம் ஒரு பாட்டைப் போட்டு, அதில் வருடங்களை ஓட்டி, அவளையே கடைக்கு முதலாளி ஆக்கிவிட்டார்கள். நாங்கள் பார்த்த அந்தப் பெரிய அறை அவளுடைய சொந்தக் கடை. மாமியார்க்காரிதான் விலாசம் தேடிக்கொண்டு அங்கே வந்திருந்தாள்.

மடித்த கைலி என் கையிலேயே இருந்தது. எனக்கு வந்தது ஆத்திரம்தான். ஐந்து நாள் பார்க்காமல் விட்டதற்காக ஒரு லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் தலைகீழாகப் பாடம் படித்திருக்கிறோம். அவளிடம் விடாமுயற்சி இருந்தது, யார் இல்லை என்றது? ஏழு கடை ஏறி இறங்கியதில் இருந்தது. அதைக் கொண்டுபோய் நான் சாத்திய கதவுக்கு முன்னால் நிறுத்திக் கட்டுரை எழுதி, அதற்குக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

மாமியாரும் திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். பிறகு குழறலாக, "இது வேற நாடகம்," என்றார்.

"இல்ல அத்தை, அதேதான்."

"வேற நாடகம். மாத்து."

அவர் அந்தக் காலத்தில் இதைப் பார்த்தாரா, பார்த்தும் மறந்தாரா, எனக்குத் தெரியாது. நான் மாற்றவில்லை. ஆறு வருடத்தில் அவர் கேட்டு நான் செய்யாமல் விட்ட முதல் காரியம் அதுதான். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, ஆனாலும் கடைசிவரை ஓட விட்டேன்.

நான்காவது டெஸ்டில் மேட்டில் ஏறி நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். விட்டேன். கார் தன்பாட்டுக்கு ஏறிப் போனது. இவ்வளவுதானா என்று எரிச்சல்கூட வந்தது. சாலையிலும் ஓட்டிக் காட்டித் தேறினேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர், "பரவால்லயே," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கிளச்சை அமுக்கியே வைத்திருக்காதே, தேய்ந்துவிடும் என்றும் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். "நாளைக்கு அம்மாவப் பாக்கப் போறேன்."

"பாப்போம்," என்றார்.

"நீங்க பாத்துக்கிட்டு இருங்க. நான் போறேன்."

அவர் சோற்றிலிருந்து தலையைத் தூக்கினார். நான் சொன்னது எனக்கே புதிதாக இருந்ததால் உடனே கொஞ்சம் பணிந்துபோய், ஆறு மணிக்குள் வந்துவிடுகிறேன் என்றேன். மாமியாருக்கு மத்தியானத்துக்கு வேண்டியதைச் சமைத்து மூடி வைத்துவிட்டு, பின் கண்ணாடியில் புதிதாக ஓட்டுகிறவர்கள் ஒட்ட வேண்டிய பி எழுத்தை ஒட்டிக்கொண்டு, காலையில் கிளம்பினேன். கணவர் கேட்டைத் திறந்துவிட்டு, நான் சாலை முனை திரும்பும்வரை நின்றார்.

ராசா, பத்தாங் காலி, ரவாங், பத்து ஆராங். மற்றவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் ஓட்டுகிற தூரத்தை நான் இரண்டரை மணி நேரத்தில் ஓட்டினேன். பின்னால் வந்த லோரிக்காரர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள், எல்லாருக்கும் வழிவிட்டேன். புக்கிட் ரோத்தான் தாண்டிச் செம்பனை ஆலையின் வாடை வந்ததும் ஜன்னலை இறக்கிவிட்டேன். யாரும் என்னைக் கொண்டுவந்து விடவில்லை என்று வாய்விட்டு ஒரு தடவை சொன்னேன். சந்தோஷமாக இருந்தது.

கார்ச் சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தாள். காரின் மறுபக்கத்தை உற்றுப் பார்த்தாள். "மாப்புள்ள எங்க?"

"வரல. நான்தான் ஓட்டிட்டு வந்தேன்."

அவள் கிட்டே வந்து, தீப்புண் ஆறித் தோல் பளபளக்கும் கையைக் கார் பானெட்டின் மேல் வைத்தாள். "சூடா இருக்கு," என்றாள். என்னைத் தொடுவதற்கு முன் அதைத்தான் தொட்டாள்.

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது நாடகத்தைப் பற்றி ஆரம்பித்தேன். பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்திருக்கிற நினைப்பு எனக்கு. "அம்மா, அந்த மூத்த மருமக மழையில நிக்கவே இல்லம்மா. நாமதான் அந்த வாரம் பாக்கல. அவ வீட்ட விட்டுப் போயிட்டா."

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"கிராணி வூட்டம்மா சொன்னாங்க." கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் எழுத்தர். அம்மா வேலை முடிந்து அவர்கள் வீட்டுக்குத் துணி துவைக்கப் போவாள். "அவங்க வேதக்காரங்க, காப்பெல்லாம் கெடையாது. தெனம் பாத்துட்டு எனக்குச் சொல்லுவாங்க. ஏழு கட ஏறி எறங்குனது, பட்டன் தச்சது, எல்லாம் சொன்னாங்க."

"அப்புறம் ஏன் எங்கிட்ட மாத்திச் சொன்ன?"

அவள் கண் தெரியாத பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். "அந்த வாரம் நானும் ஒரு பை கட்டி வச்சிருந்தேன் புள்ள. அரிசி டின்னுக்குப் பின்னால. கலும்பாங்ல எந்தங்கச்சி வூட்டுக்குப் போயிரலாம்னு. நீ பி.எம்.ஆர். பரீட்ச எழுதுற வருசம். பள்ளிக்கூடம் மாத்துனா படிப்பு கெட்டுரும், பரீட்ச முடியட்டும்னு இருந்தேன். பரீட்ச முடிஞ்சுது. அப்புறம் ஒரு நாள் பைய அவுத்துத் துணிய எடுத்து உள்ள வச்சிட்டேன். அவ போயிட்டான்னு ஒனக்குத் தெரிஞ்சா, நீ ஏம்மா போவலன்னு கேப்ப. என்னா சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது, ஆனால் கோபம்தான் முந்திக்கொண்டது. "நான் அத நம்பிக்கிட்டு இருந்தேம்மா. இத்தன வருசம்."

"நானுந்தான்," என்றாள். "சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன்."

அவளுக்குத் தலை வாரிவிட்டேன். மாத்திரைகளை எடுத்து, கையால் தடவினால் தெரிகிற மாதிரி காலைக்கு ஒரு டப்பா, ராத்திரிக்கு ஒரு டப்பா என்று பிரித்து வைத்தேன். மூன்றரை மணி ஆனதும் அவளே பரபரத்தாள். "கெளம்பு, கெளம்பு. மாப்புள்ள தேடுவாரு. ஒங்க அத்த பாவம்." ஒரு நாள்கூட இரு என்று அவள் கேட்டதில்லை, அன்றைக்கும் கேட்கவில்லை.

போய்க் காரில் உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன். அம்மா என் முகம் தெரியாமல் காரைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்குள் போய்விட வேண்டும் என்று மனம் கணக்குப் போட்டது. இப்போது கிளம்பினால் போய்விடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள், பரவால்லயே என்பார்கள். சாவியை எடுத்துவிட்டு இறங்கினேன். ஃபோனில் கணவரைக் கூப்பிட்டேன்.

"நான் இன்னைக்கு வரல. நாளைக்கு மத்தியானம் வரேன்."

"கார் ரோசாக்கா?" என்று பதறினார். கெட்டுப்போய்விட்டதா என்று கேட்கிறார்.

"கார் நல்லாருக்கு. அம்மாகூட இருக்கேன்."

"இங்க அம்மாவுக்கு ராத்திரி கஞ்சி யாரு வைக்கிறது?"

"நீங்கதான்."

"நாளைக்கு எனக்கு வேல இருக்கே."

"லீவு போடுங்க. நான் ஆறு வருசம் போட்டேன்."

கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், அவர் கத்தவில்லை. சமையலறைக்கு நடந்து போகிற சத்தம் கேட்டது. அலமாரி ஒன்று திறந்தது, மூடியது, இன்னொன்று திறந்தது. அவருக்கு ஐம்பத்தொரு வயது. பிறந்ததிலிருந்து அவர் அம்மாவோடுதான் இருக்கிறார்.

"ஒரு கப் அரிசிக்கு," என்று மெதுவாகக் கேட்டார், "எத்தன கப் தண்ணி ஊத்தணும்?"

சொன்னேன். இரு, எழுதிக்கிறேன் என்றார். நான் வாசலில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அம்மா சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய் இரண்டு பேருக்கு அரிசி களைய ஆரம்பித்தாள்.